தோப்புக்கு எந்த நாய்: புல்லியா, ராஜபாளையமா, கோம்பையா?

மோட்டார் கேபிள் இரண்டாவது முறையாகத் திருடுபோன மறுநாள் காலை, என் மைத்துனன் ஒரு காணொளியை அனுப்பியிருந்தான். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு வெள்ளை நாய். ஆளுக்கொரு கயிறாக இரண்டு பேர் பிடித்திருந்தும் அது அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. கீழே ஒரே வரி: "மாமா, இதில் ஒன்று வாங்கிவிடலாமா?"

அவனுக்கு உடுமலைப் பக்கம் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. நடுவில் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அதில் அவன், அவன் மனைவி, ஏழு வயது மகள், என் மாமியார். தோப்பின் தென்கோடியில் கிணறும் மோட்டார் அறையும். அங்கேதான் திருடர்கள் வருகிறார்கள். கேபிளை வெட்டி, உரித்து, செம்பை எடுத்துக்கொண்டு உறையை மட்டும் வரப்பிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கோபம் வராமல் இருக்குமா?

ஜாதகத்துக்கு ஒருவர், நிலப் பத்திரத்துக்கு ஒருவர் என்று எங்கள் குடும்பத்தில் ஆட்கள் உண்டு. நாய் விஷயத்துக்கு நான். பனியன் தொழில் செய்பவனுக்கு இது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். முப்பது வருடங்களாக வீட்டில் ஏதாவது ஒரு நாய் இருந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அவனுக்காக நான் போட்ட கணக்கைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காணொளியில் இருந்தது புல்லி குத்தா. 'குத்தா' என்றால் இந்தியிலும் பஞ்சாபியிலும் நாய். 'புல்லி' என்பதை நம் ஊரில் அடாவடிக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோல் சுருங்கித் தொங்குவதைச் சொல்லும் 'போஹ்லி' என்ற வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது 'போலி' என்று விழும். இந்த நாய் விற்கப்படும் சந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளும் பொருத்தமாகத்தான் படும். அமெரிக்கன் புல்லி என்று குட்டையாக, அகன்ற மார்போடு ஒரு நாய் இப்போது நகரங்களில் உலவுகிறது. அது வேறு. அமெரிக்காவில் சில பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கப்பட்டது. பெயரின் பாதியைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை.

சிந்து, பஞ்சாப் சமவெளிதான் புல்லியின் வீடு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதை வளர்க்கிறார்கள். சிந்தி மாஸ்டிஃப், பாகிஸ்தானி மாஸ்டிஃப், இந்திய மாஸ்டிஃப் என்று பெயர்கள் பல. மாஸ்டிஃப் என்றால் கனத்த தலையும் பெரிய உடலும் கொண்ட காவல் நாய் வகை. நம் பக்கத்து வியாபாரிகள் 'அலங்கு மாஸ்டிஃப்' என்கிறார்கள். அலங்கு என்பது தஞ்சை, திருச்சி வட்டாரத்து நாய் ஒன்றுக்கு வழங்கிவந்த பெயர். அதைப் புல்லியோடு ஒட்டவைத்து, தஞ்சைப் பெரிய கோயில் சிற்பத்தையும் ராஜராஜனையும் சேர்த்துச் சொன்னால் விலை கொஞ்சம் கூடுகிறது. சிற்பத்து நாய்க்கும் பஞ்சாபிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் குட்டிக்கும் ரத்த உறவு என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மைத்துனனிடம் 35,000 ரூபாய் கேட்டவரும் சோழர் கதையைத்தான் முதலில் எடுத்தார்.

பார்ப்பதற்கு எப்படி என்றால், அழகு என்று சொல்ல மாட்டேன், கம்பீரம். நன்றாக வளர்ந்த ஆண் நாய் தோள் உயரத்தில் 30 அங்குலத்தைத் தாண்டும். எடை 60 முதல் 80 கிலோ வரை போகும். நூறு கிலோ என்று சொல்பவர்கள் தராசில் நிறுத்திக் காட்டட்டும். தலை அகன்று கனமாக இருக்கும். முகவாய் நீளமில்லாமல் சதுரம். மேலுதடு தொங்கும். கழுத்துக்குக் கீழே, காளையின் அலைதாடி போலத் தோல் மடிந்து ஆடும். ரோமம் குட்டை, உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும். வெள்ளைதான் பலருக்குப் பிடித்த நிறம். பழுப்பு, கறுப்பு, வரிப்புலி போன்ற கோடுகள், வெள்ளையில் கருந்திட்டு என்று மற்றவையும் உண்டு. வெள்ளை நாய்களில் மூக்கு இளஞ்சிவப்பாகவும் கண் வெளிறிய மஞ்சளாகவும் இருந்துவிட்டால் பார்வையில் ஒரு குளிர் தெரியும். காதை ஒட்ட வெட்டிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சண்டையில் எதிரி நாய் காதைக் கவ்விவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம் அது. காது வெட்டிய குட்டியை யாராவது காட்டினால் அவர் எந்த உலகத்து ஆள் என்பது விளங்கிவிடும்.

எனக்குச் சுவையாகப் படுவது இதன் பழங்கதை. அதில் எல்லாமே புல்லியைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை. வடமேற்கு இந்தியாவின் பெருநாய்களைப் பற்றிய கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகி ராமாயணத்தில் பரதன் தாய்மாமன் வீட்டிலிருந்து அயோத்திக்குக் கிளம்புகிறான். அப்போது கேகய மன்னன் கொடுத்த சீர்வரிசையில் நாய்களும் இருக்கின்றன. புலிக்கு நிகரான வலிமை, பெரிய உடல், கூரிய பற்கள். கூடவே ஒரு விவரம்: அவை அந்தப்புரத்தில் வளர்ந்தவை. கேகயம் இன்றைய பஞ்சாபில் இருந்த நாடு. கி.மு. 326-இல் அலெக்சாண்டர் அதே பஞ்சாபுக்கு வந்தபோது, சோபெய்தீஸ் என்று கிரேக்கர்கள் எழுதிய ஒரு மன்னன் அவருக்கு 150 நாய்களைப் பரிசளித்தான். சிங்கத்தின் மேல் ஏவிக் காட்டியபோது, தன் காலையே அறுத்தபோதும் ஒரு நாய் பிடியை விடவில்லையாம். அதற்கு முன்பே, பாரசீகப் பேரரசின் பாபிலோன் ஆளுநர் ஒருவர் இந்திய நாய்களை ஏராளமாக வைத்திருந்தார் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவற்றுக்குத் தீனி போடும் பொறுப்பை நான்கு பெரிய கிராமங்களிடம் ஒப்படைத்து, மற்ற வரிகளிலிருந்து அந்தக் கிராமங்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தாராம்.

இன்னொன்று. 1615-இல் முகலாய அரசவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் காலத்தில் இங்கிலாந்து மாஸ்டிஃப் நாய்கள் ஜஹாங்கீருக்குக் காணிக்கையாக வந்தன. பாதிரியாராக உடனிருந்த எட்வர்ட் டெர்ரி அதை எழுதி வைத்திருக்கிறார். ஜஹாங்கீர் ஒவ்வொரு நாய்க்கும் நான்கு ஆட்களை அமர்த்தினார். பல்லக்கில் தூக்கிச் செல்ல ஆள், ஈ ஓட்ட ஆள். தம் கையாலேயே ஊட்ட வேண்டும் என்று ஒரு வெள்ளி இடுக்கியும் செய்துகொண்டார். அந்த ஆங்கில நாய்களும், பின்னாளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தவையும் உள்ளூர் நாய்களோடு கலந்ததில்தான் இன்றைய புல்லி உருவானது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பழைய சிந்து நாயேதான் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். என் கண்ணுக்குப் பட்டது வேறு. அந்தப்புரம், நான்கு கிராமம், நாய்க்கு நான்கு ஆள். இந்தப் பெருநாயை எந்தக் காலத்திலும் தனி ஒருவன் வைத்திருக்கவில்லை. ஓர் அமைப்பே வைத்திருந்திருக்கிறது.

இதை நான் நேரிலும் பார்த்தேன். தொழில் விஷயமாக லூதியானாவுக்கு அடிக்கடி போவேன். அதுவும் பின்னலாடை ஊர்தான், திருப்பூர்க்காரனுக்குப் பங்காளி ஊர். அங்கே பழக்கமான ஒரு சர்தார் தம் பண்ணைக்கு அழைத்துப் போனார். கோதுமை வயலுக்கு நடுவே கோட்டை போல வீடு. மதில் எட்டடி. உள்ளே இரும்புக் கம்பிக் கூண்டில் ஒரு புல்லி. நான் உள்ளே நுழைந்தபோது அது குரைக்கவில்லை. எழுந்து நின்று பார்த்தது. ராஜபாளையம் என்றால் அந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும். அதைக் கவனித்துக்கொள்ள பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞன் இருந்தான். அவனுக்கு வேறு வேலை கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் நடத்திச் செல்வது, பாலும் ரொட்டியும் கறியும் கொடுப்பது, கூண்டைக் கழுவுவது, இரவில் அவிழ்த்துவிட்டுப் பொழுது விடிவதற்குள் அடைப்பது. அவன் சொன்னால் நாய் கேட்கும். சர்தார் சொன்னாலும் கேட்கும். சர்தாரின் மகன் கிட்டே போக மாட்டார். வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அந்த பீகார்ப் பையன் ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அதனால்தான் அவனுக்கு லீவு கொடுப்பதில்லை என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புல்லியின் குணத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பிறவி அரக்கன் அல்ல அது. வளர்த்தவனிடம் அளவுகடந்த பிடிப்பு, தன் எல்லையில் கண்டிப்பு, சட்டென்று பதறாத தைரியம் மூன்றும் உண்டு. ஆனால் பல தலைமுறைகளாக அதை இரண்டு வேலைகளுக்காகத் தெரிவு செய்திருக்கிறார்கள். ஒன்று ஜமீன் காவல், மற்றொன்று நாய்ச் சண்டை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி இந்தியாவில் விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவது குற்றம். பாகிஸ்தானிலும் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் எல்லையின் இருபுறத்துக் கிராமங்களிலும் ரகசியமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. சண்டையில் ஜெயித்த நாயின் குட்டிக்கே விலை. அதனால் மற்ற நாய்களைக் கண்டால் பொறுக்காத குணம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. வெள்ளைக்காரர் கால புல் டெரியரின் வழித்தோன்றலான குல் டெர் என்ற நாயோடு புல்லியைக் கலந்து குல் டாங் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அது இன்னும் வேகம், இன்னும் முன்கோபம். அதையும் புல்லி என்று சொல்லியே தெற்கே விற்கிறார்கள். பன்னாட்டு நாயின அமைப்பான எஃப்.சி.ஐ.யின் பட்டியலில் புல்லி இல்லை. அதனால் இது புல்லி, இது கலப்பு என்று சொல்ல ஒரு பொதுவான அளவுகோலும் கிடையாது. தாயையும் தகப்பனையும் கண்ணால் பார்க்காமல் வாங்கும் குட்டி, திரை போட்ட சீட்டு.

இனி மைத்துனனின் தோப்புக்கு வருவோம். தோப்பு என்றால் யாரும் வராத கோட்டை என்று நினைக்கிறோம். வருபவர்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் போடும் ஆட்கள் ஆறேழு பேர் வருவார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள் இல்லை. மட்டை பொறுக்குகிறவர்கள், பால்காரர், மின்வாரிய ஊழியர், கிடை போட வரும் ஆட்டுக்காரர், அவரோடு வரும் நாய்கள், மகளை இறக்கிவிடும் பள்ளி வேன், வேனிலிருந்து அவளோடு இறங்கும் தோழிகள். இவர்களுக்கு நடுவில் 70 கிலோ நாய் ஒன்று. பகலெல்லாம் கட்டிப்போட்டால் ஆயிற்று என்பான். கட்டி வைப்பது நமக்குப் புதிதல்ல. சங்கப் பாட்டிலேயே 'தொடர்நாய்' என்ற சொல் இருக்கிறது, சங்கிலியில் பிணித்த நாய். ஆனால் புல்லி போன்ற நாயை எந்நேரமும் சங்கிலியில் வைத்தால் அதன் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் எதிரியாகிவிடும். சங்கிலி அறுகிற நாளில், அந்த நேரத்தில் யார் எதிரே நடந்து வருகிறார்களோ அவர்கள் திருடராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் முடியும். என் மாமியாருக்கு 45 கிலோ. அந்த நாயின் கயிற்றை அவர் பிடித்தால் யார் யாரை நடத்திப் போவார்கள் என்று மைத்துனனிடம் கேட்டேன்.

தீனிக் கணக்கு சுலபம். 70 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 2,700 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் ஒருவர் சாப்பிடுவதைவிட அதிகம். உலர் தீவனமாகக் கொடுத்தால் நாளுக்கு முக்கால் கிலோவுக்கு மேல், மாதம் 23 கிலோ ஆகும். சோறும் கோழிக்கடைக் கழிவும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த நாயை வாங்கக் கூடாது. குட்டிப் பருவத்தில் இன்னொரு தவறு நடக்கும். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று பாலும் கால்சியம் மருந்தும் தாராளமாக ஊற்றுவார்கள். பெருநாய்க் குட்டிக்குக் கால்சியம் அளவுக்கு மீறினால் எலும்பு கோணும், மூட்டு கெடும். அது முழு வளர்ச்சி அடைய இரண்டு வருடத்துக்கு மேலாகும். அவசரப்பட்டால் வாழ்நாள் முழுக்க நொண்டும். வாழ்நாளே எட்டுப் பத்து வருடம்தான்.

வெயிலைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஜக்கோபாபாத் வெயிலைப் பார்த்த சிந்துவின் நாய்க்கு உடுமலை வெயில் பெரிதல்ல. ரோமமும் குட்டை. ஆனால் அங்கே வெயில் வறண்டது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது பலிக்காது. உடம்பு பெரிதாகப் பெரிதாகச் சூடு வெளியேறுவதும் மெதுவாகும். அதனால் கடலோரத்துக்கு நான் சொல்ல மாட்டேன், மேற்கே பரவாயில்லை.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய அரசு 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் புல்லி குத்தா என்ற பெயர் இல்லை. மாஸ்டிஃப் என்ற சொல் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர்கள் கடித்த பிறகு தமிழ்நாட்டிலும் தடை உத்தரவு வந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆக, இன்று வாங்கும் நாய் நாளை எந்தப் பட்டியலில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பட்டியல் எதுவானாலும், வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளருக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. திருடனைக் கடித்தால் ஊர் பாராட்டும். காய் போட வந்தவரைக் கடித்தால்?

மாற்று என்ன? அவன் மனதில் அடுத்து இருந்தது ராஜபாளையம். அதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், நீண்ட கால்கள். 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்றில் இருக்கிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதலில் பதிவு செய்த நாயினங்களில் சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. இதற்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. புல்லிக்கு இல்லாத வசதி அது. எடை 25 கிலோ அளவில்தான். வீட்டுப் பெண்களும் நடத்திச் செல்லலாம். தீனி புல்லிக்கு ஆவதில் பாதிகூட ஆகாது. அந்நியரைக் கிட்டே சேர்க்காது, குரல் கொடுக்கும், எட்டு ஏக்கரையும் ஒரு நொடியில் வலம் வரும்.

குறை உண்டு. இது ஓடித் துரத்தும் நாய். மலையடிவாரத் தோப்புகளில் முயலையோ மானையோ கண்டால் வேலி தாண்டிப் போய்விடும். அங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. சிறுத்தை உலவும் இடமாக இருந்தால் நாயே அதற்கு இரை. இரண்டாவது குறை செவிட்டுத்தன்மை. முழு வெள்ளை நாய்களில் நிறமி இல்லாமையோடு சேர்ந்து வருவது அது. நெருங்கிய ரத்தத்திலேயே இனம் பெருக்கியதால் இன்னும் மோசம். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். மற்ற குட்டிகள் விழித்து, ஒன்று மட்டும் தூங்கினால் அதைத் தொடாதீர்கள். காதுகேளாத நாய் இரவுக் காவலுக்கு எதற்கு? மூன்றாவது, இதன் தோல் வெயிலில் சிவந்துவிடும். தோப்பு நிழல் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கோம்பை என் பாரபட்சம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டம், உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பைதான் பெயர் கொடுத்த ஊர். செம்மண் நிறம், முகத்தில் கரி பூசினாற்போலக் கறுப்பு, ஒட்டிய வயிறு, அகன்ற தாடை. இரண்டடி உயரத்தை அநேகமாகத் தாண்டாது. எடை 20 கிலோவுக்குச் சற்று மேலே கீழே. படத்தில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருட்டில் செடி மறைவிலிருந்து வரும்போதுதான் தெரியும். பன்றி வேட்டைக்குப் பழகிய பரம்பரை. எதையும் முகத்துக்கு முகம் சந்திக்கும். ராஜபாளையம் துரத்திக்கொண்டே போகும் என்றால் கோம்பை எல்லையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உண்ணியும் மழையும் சோற்றுப் பருக்கையும் அதற்குப் பழகியவை. அதற்காக உண்ணிக் காய்ச்சல் வராது என்று எண்ண வேண்டாம்; கிடை போடும் தோப்பில் எந்த நாய்க்கும் உண்ணி மருந்து கட்டாயம். முன்கோபம் உண்டு. சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு பழக்காவிட்டால் பால்காரரின் வேட்டி தப்பாது. ஆனாலும் 22 கிலோ நாய் செய்யும் தவறுக்கும் 70 கிலோ நாய் செய்யும் தவறுக்கும் நடுவில் ஒரு மருத்துவமனைச் செலவு முழுதாக இருக்கிறது. இதற்குள்ள பெரிய பிரச்சினை கிடைப்பதுதான். செம்பழுப்பாக ஒரு தெருநாய்க் குட்டியைக் காட்டி கோம்பை என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை.

கன்னி, சிப்பிப்பாறை என்ற மற்ற இரண்டு தமிழ்நாட்டு நாய்களும் ஓட்டத்துக்கு, முயலுக்கு, அழகுக்கு. காவல் என்று நான் தேர்வு செய்ய மாட்டேன். இமயமலை போட்டியா, காஷ்மீரின் பக்கர்வால் இரண்டும் ஆட்டு மந்தையைச் சிறுத்தையிடமிருந்து காக்கும் அருமையான நாய்கள், ஆனால் அந்தக் கம்பளி ரோமத்தை உடுமலைக்குக் கொண்டுவருவது பாவம்.

நாட்டு நாயை நான் சொன்னபோது மைத்துனன் முகம் சுளித்தான். செலவில்லை, நோய் குறைவு, காது கூர்மை, யார் வழக்கமாக வருபவர், யார் புதியவர் என்பது நன்றாகத் தெரியும். கேபிள் திருடன் நாயோடு மல்லுக்கு நிற்க வருபவன் அல்ல. சத்தம் கேட்டாலே போய்விடுகிறவன். அவனுக்கு எதிராக வேண்டியது தாடை அல்ல, தொண்டை. தெருவில் கிடைக்கும் இரண்டு பெண் குட்டிகளை எடுத்து, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்த்தால் பாதி வேலை முடிந்தது என்றேன். பக்கத்துத் தோப்புக்காரர் என்ன நினைப்பார் என்றான். அங்கேதான் விஷயம் புரிந்தது. அவன் தேடியது பாதி காவல், பாதி கௌரவம். அதில் தப்பொன்றுமில்லை, ஜஹாங்கீரும் அதைத்தான் தேடினார். எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அவன் இருக்கும் நிலையில் புல்லி வேண்டாம் என்றேன். எந்த நிலையில் சரி என்றும் சொன்னேன். சுற்றிலும் மதில் இருக்க வேண்டும், கம்பி வேலி போதாது. தனிக் கூண்டும் அது ஓட இடமும் வேண்டும். வேறு நாய் இருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கக் கூடாது. இதற்கு முன் இரண்டு பெரிய நாய்களையாவது வளர்த்துப் பழகியிருக்க வேண்டும். அந்த லூதியானாப் பையனைப் போல, அதற்கென்றே நேரம் கொடுக்கும் ஒருவர் இருக்க வேண்டும். இத்தனையும் உள்ளவர் புல்லி வாங்கினால் நானே போய்ப் பார்த்து ரசிப்பேன். அப்போதும் சண்டைக் களத்து ரத்தம் வேண்டாம், மனிதர்களோடு நிதானமாக இருக்கும் தாய் நாயின் குட்டியை எடுங்கள் என்பேன்.

எந்த இனமாக இருந்தாலும் குட்டி வாங்கும்போது நான் விடாப்பிடியாகக் கேட்பவை சில உண்டு. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. மைத்துனனிடம் பேசியவர் முப்பத்தைந்து நாள் குட்டியைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அந்த விதிப்படி இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டதும் தொலைபேசி துண்டிக்கப்பட்டது. தாய் நாயை அதன் இடத்திலேயே பார்க்க வேண்டும். நாம் உள்ளே போகும்போது அது என்ன செய்கிறது என்பதில் குட்டியின் பாதி ஜாதகம் இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிச் சீட்டில் மருத்துவர் கையெழுத்து இருக்க வேண்டும். 'படத்தில் பார்த்துப் பணம் அனுப்புங்கள், ரயிலில் ஏற்றிவிடுகிறோம்' என்பவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கே ஒன்றுமில்லை.

மைத்துனன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு கேபிளை இரண்டடி ஆழத்தில் குழாய்க்குள் புதைத்தான், மோட்டார் அறைக்கு விளக்குப் போட்டான். அதற்கடுத்த மாதம் நாங்கள் இருவரும் தேனிப் பக்கம் மூன்று ஊர் அலைந்து, மூன்றாவது ஊரில் ஒரு கிழட்டு விவசாயியின் வீட்டில் தாயையும் தகப்பனையும் பார்த்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு கோம்பைக் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தோம். நாங்கள் படியேறியபோது தாய் நாய் ஒரு முறை உறுமியது. கிழவர் 'சும்மா இரு' என்றதும் படுத்துக்கொண்டது. நான் பார்க்க வந்தது அதைத்தான்.

இப்போது அவற்றுக்கு ஐந்து மாதம். காய் போட வந்தவரின் செருப்பில் ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டன. மைத்துனன் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறான், 180 ரூபாய்.